ஒரகடத்தில் ஒரு சாம்பல் நிறம்

மோரி சான் தன் பெட்டியில் ஆறு நாளுக்கான உடைகளையும், ஒரு டப்பா உப்பில் ஊறிய பிளம் காய்களையும், பாழாய்ப்போன ஒரு பட்டுத் துணியையும் வைத்திருந்தார். சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அந்த டப்பாவைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். "ஊறுகாய் சார்" என்று நான் தமிழில் சொன்னதும் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். துணியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாங்கள் இவ்வளவு தூரம் வந்ததே அந்தத் துணியால்தான்.

நான் திண்டுக்கல்காரி. கணவரின் வேலைக்காகக் கியோட்டோ போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. ஸ்டெல்லா என்ற என் பெயர் அங்கே 'ஸுதேரா' ஆகிவிட்டது. மோரி சானின் ('சான்' நம் 'அம்மா' மாதிரி ஒரு மரியாதைச் சொல்) கிமோனோ சாயப்பட்டறையில் பத்து வருடமாக நிறம் கலக்கிறேன். எட்டுப் பேர் வேலை பார்க்கும் சின்னப் பட்டறை. ஒரு அறையில் எல்லாம் கைவேலை. பச்சரிசி மாவில் காய்ச்சிய பசையைக் காகிதக் கூம்பில் அடைத்து, பட்டின் மேல் முடி மாதிரி மெல்லிய கோடுகளாகப் பிழிவார்கள். அந்தக் கோட்டைத் தாண்டிச் சாயம் போகாது. உள்ளே பிரஷ்ஷால் நிறம் தீட்டி, துணியை நீராவியில் வேகவைத்து, தண்ணீரில் அலசினால் பசை கரைந்து வெள்ளைக் கோடு மட்டும் நிற்கும். ஒரு கிமோனோவுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

பக்கத்து அறையில் மோரி சானின் தம்பி கென்ஜியின் இயந்திரம் இருக்கிறது. கணினியில் வரைந்த சித்திரத்தை அது பட்டின் மேல் புள்ளி புள்ளியாகத் தெளிக்கும். இரண்டு நாளில் துணி தயார். அக்கா பழமை, தம்பி புதுமை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த இயந்திரத்தை வாங்கியதே மோரி சான்தான். கைவேலை ஆர்டர் மட்டும் நம்பினால் எட்டுப் பேருக்கும் வேலை இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

இயந்திரத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் கைமுஷ்டி அளவில் ஒரு பம்ப் உண்டு. மொத்தம் எட்டு. கொஞ்ச நாளாகப் பம்ப் கெட்டுக்கொண்டே இருந்தது. மாற்றுவோம், மறுபடி கெடும். நாலாவது முறை ஒழுகியபோது, ஒரு பெண்ணின் இருபதாம் வயது விழாவுக்கான நீளக் கை கிமோனோத் துணியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு கோடு விழுந்துவிட்டது. பம்ப்பின் அடியில் அது சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் செய்தது என்று எழுதியிருந்தது. கம்பெனிக்கு அனுப்பிய கடிதங்களுக்கெல்லாம் 'ஆய்வில் உள்ளது' என்றே பதில் வந்தது.

"நேரில் போய்க் கேட்போம்" என்றார் மோரி சான். "தமிழ் தெரிந்தவர் நம்மிடமே இருக்கிறாரே."

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. ஜப்பானை விட்டு வெளியே போவது அவருக்கு இதுதான் முதல் முறை.

முதல் நாள் எங்களை அழைத்துப் போக வந்தவர் தேவராஜ். மண்ணூர்க்காரர், வாடகைக் கார் ஓட்டுகிறார். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த பெயர் அட்டையை ஒரு முறை படித்துக்கொண்டார்.

"இன்னா மேடம், ஜப்பான்லேர்ந்து ரெண்டு பேர்னு சொன்னாங்கோ. நீங்க நம்ம ஊரு மாதிரி கீறீங்க."

"நம்ம ஊருதான். அவங்கதான் ஜப்பான்."

"அப்ப ஏசி ஜாஸ்தி வைக்கட்டா, கம்மி வைக்கட்டா?" என்று மோரி சானைப் பார்த்துக் கேட்டார். அந்த ஆறு நாளும் அவர் மோரி சானிடம் நேராகத் தமிழிலேயே பேசினார். மோரி சானும் ஜப்பானிய மொழியில் பதில் சொன்னார். பெரும்பாலும் இருவருக்கும் புரிந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லாட்ஜில் தங்கினோம். எந்த ஊருக்குப் போனாலும் ரயில் நிலையம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வது மோரி சானின் வழக்கம். வரவேற்பில் இருந்தவரிடம் கேட்கச் சொன்னார். இந்த ஊரில் ஸ்டேஷனே இல்லை என்றார் அவர். மோரி சான் நம்பவில்லை. நான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்து இன்னொரு முறை கேட்கச் சொன்னார். இத்தனை தொழிற்சாலை இருக்கிற ஊரில் ஸ்டேஷன் இல்லாமல் இவ்வளவு பேரும் எப்படி வருகிறார்கள்?

அதற்குப் பதில் மறுநாள் காலை சாலையில் கிடைத்தது. கண்ணாடியில் கம்பெனி பெயர் ஒட்டிய பஸ்கள், ஒன்றன் பின் ஒன்றாக. ஜன்னலுக்கு ஜன்னல் சாய்ந்த தலைகள். எல்லாரும் தூங்கிக்கொண்டே வேலைக்குப் போனார்கள். "கியோட்டோ ரயிலிலும் இப்படித்தான்" என்றார் மோரி சான். ஊர் பிடித்துப்போய்விட்டது என்று அப்போதே தெரிந்தது.

சாப்பாட்டில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. பொங்கலை ஸ்பூனில் எடுத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சல் வந்தால் நாங்களும் இப்படித்தான் குழைய வைப்போம், ஆனால் மிளகும் நெய்யும் போட யாருக்கும் தோன்றவில்லை என்று வருத்தப்பட்டார். தயிர்சாதத்துக்குத் தன் டப்பாவிலிருந்து ஒரு பிளம் எடுத்து வைத்துக்கொண்டார். பரிமாறியவர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒன்று கொடுத்தார். வாயில் போட்டவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "எலுமிச்ச ஊறுகாய்க்கே இது அண்ணன் மேடம்" என்றார்.

இரண்டாம் நாள் தொழிற்சாலைக்குப் போனோம். ஒரகடம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு நடுத்தரக் கம்பெனி. தர மேலாளர் ராஜசேகர் மரியாதையாக வரவேற்றார். டீ, பிஸ்கட், பெரிய திரையில் படங்கள். நாங்கள் திருப்பி அனுப்பிய நாலு பம்ப்புகளையும் போன வாரம்தான் திறந்து பார்த்தார்களாம். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் நாலிலும் உப்பிப்போயிருந்தது.

"ரப்பர் லாட்ல ஏதோ பிராப்ளம் இருந்திருக்கணும் மேடம். அது ஃபைனல் இன்ஸ்பெக்ஷன்ல மாட்டியிருக்கணும். நாலுலயும் ஒரே ஆளோட ஸ்டாம்ப்தான் இருக்கு. முத்துமாரினு ஒரு பொண்ணு, கான்ட்ராக்ட்ல இருக்கு. லைன்ல இருந்து எடுத்து பேக்கிங்ல போட்டுட்டோம். மாசக் கடைசியோட முடிச்சிடுவோம்."

நல்ல செய்தி சொல்கிற குரலில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

"அந்தப் பெண் என்ன தவறு செய்தார்?" என்று கேட்டார் மோரி சான்.

"செக் பண்ணாம ஸ்டாம்ப் போட்டிருக்கும்."

"போட்டதை யாராவது பார்த்தார்களா?"

ராஜசேகர் திரையைத் திரும்பிப் பார்த்தார். "பாக்கல. ஆனா வேற காரணம் எதுவும் கிடைக்கல மேடம்."

மோரி சான் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நீலத் தொப்பி போட்ட பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

சாயங்காலம் திரும்பும்போது, ஒரகடம் மேம்பாலத்தைத் தாண்டியதும் தேவராஜின் கார் முன்பக்கத்தில் ஆவி கிளம்பியது. பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "பத்து நிமிசம் மேடம்" என்றார். அரை மணி கழித்துக் கேட்டபோதும் பத்து நிமிஷம்தான் இருந்தது. பிறகு அவரே, "ஷேர் ஆட்டோ வருது, ஏறிக்கோங்கோ. நான் மெக்கானிக்க கூட்டிகினு வந்துடுறேன்" என்று கையைக் காட்டி ஒன்றை நிறுத்தினார்.

ஷிப்ட் விட்ட நேரம். ஆட்டோவில் ஏற்கெனவே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கும் எப்படியோ இடம் கிடைத்தது. என் பக்கத்தில் இருந்த பெண் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும்.

"நீங்கதானக்கா அந்த ஜப்பான் கஸ்டமரு?" என்றாள் கடைசியில். "மீட்டிங் ரூம்ல பாத்தேன். நாந்தான் முத்துமாரி."

யார் என்று மோரி சான் கேட்டார். சொன்னேன். மோரி சான் உட்கார்ந்தபடியே குனிந்து வணங்கப் போய், முன் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டார். ஆட்டோவில் எல்லாரும் சிரித்தார்கள். முத்துமாரி சிரிக்கவில்லை. மோரி சானின் நெற்றியைத் தன் துப்பட்டாவால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ரூம் பக்கந்தான். தண்ணி வச்சு ஒத்தடம் குடுத்துட்டுப் போலாம், வாங்க" என்றாள்.

மாடியில் ஒற்றை அறை. மூன்று பெண்கள் சேர்ந்து வாடகைக்கு இருந்தார்கள். ஒருத்தி இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்ததால் நாங்கள் மூவரும் தணிந்த குரலில் பேசினோம். நாற்காலி இல்லையே என்று முத்துமாரி சங்கடப்பட்டாள். மோரி சானுக்குத் தரைதான் வசதி. பாயில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். முத்துமாரிக்கு ஊர் சாயல்குடிப் பக்கம். அப்பா கருவேலங்கட்டையை எரித்துக் கரிமூட்டம் போடுகிறவர். தங்கை நர்சிங் படிக்கிறாள். இதையெல்லாம் பால் இல்லாத கட்டஞ்சாயா போட்டுக்கொண்டே சொன்னாள்.

"பாத்துத்தானக்கா ஸ்டாம்ப் போட்டேன். ஒவ்வொண்ணையும் காத்து அடிச்சு, காதுல வச்சுக் கேட்டுத்தான் போடுவேன். இவங்ககிட்ட அதச் சொல்றீங்களா? கம்ப்ளைண்ட வாபஸ் வாங்கச் சொல்லல. சும்மா தெரிஞ்சுக்கிட்டாப் போதும்."

அதை அப்படியே சொன்னேன். மோரி சான் தலையசைத்தார். பிறகு முத்துமாரி, கெட்டுப்போன துணியைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். மோரி சான் கைப்பையிலிருந்து அதை எடுத்துத் தன் முழங்காலின் மேல் விரித்தார். கருநீலத்தில் பிளம் கிளைகள், வெள்ளைப் பூக்கள், கிளைகளுக்கு இடையில் பனிமூட்டமாகச் சாம்பல் நிறம். அந்தப் பனியிலிருந்து புறப்பட்டு, பூ கிளை எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு நீளமாக ஒரு கோடு.

முத்துமாரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பூக்களையே பார்த்தாள். அப்புறம் கோட்டின் மேல் நகத்தை வைத்துக்கொண்டே போனாள்.

"இந்தச் சாம்பல் மட்டுந்தானக்கா ஒழுகியிருக்கு. மிஷின்ல எட்டுப் பம்ப் இருக்கும்ல? கெட்டுப்போன நாலும் இந்த ஒரு கலருக்கு மாட்டுனதா? மத்த ஏழும் நான் பாத்து அனுப்புனதுதானே. எங்க லைன்ல இன்ஸ்பெக்டரு நான் ஒருத்திதான். அது ஏன் கெடல?"

இதைத்தான் நான் மொழிபெயர்க்கவில்லை.

"என்ன கேட்கிறார்?" என்றார் மோரி சான்.

"சாம்பல் நிறம் அழகாக இருக்கிறதாம்" என்றேன். முத்துமாரியிடம் திரும்பி, "அவங்களுக்கு அதெல்லாம் தெரியலையாம்" என்றேன்.

அந்தச் சாம்பல் என்னுடையது. கியோட்டோவில் சாம்பல் என்று ஒரே நிறத்தைச் சொல்ல முடியாது. 'எலி நிறம்' என்று பொதுவாகச் சொல்வார்கள், அதில் நீலம் கலந்தது, சிவப்பு கலந்தது, பச்சை கலந்தது என்று எத்தனையோ உண்டு. நான் கலக்கும் சாம்பலில் லேசாகப் பிளம் சிவப்பு ஓடும். கைவேலை அறைக்கு வருகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குவார்கள். இயந்திரத்தின் சாம்பலோ கறுப்புப் புள்ளிகளைத் தூவியது மாதிரி உயிரில்லாமல் இருக்கும். ஒரு நாள் கென்ஜி என்னிடம் வந்து, உங்கள் சாம்பலை இயந்திரத்தில் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். நன்றாக வந்தபின் அக்காவிடம் சொல்வோம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு பெரிய இயந்திரம் என் நிறத்துக்காக என் மேசைக்கு வந்திருக்கிறது. மூன்று முறை வடிகட்டிக் கொடுத்தேன். ஆனால் சாயம் இழைக்குள் இறங்குவதற்காகக் கையால் தீட்டும்போது சேர்க்கும் கரைப்பானை அதிலும் சேர்த்தேன். அது இல்லாவிட்டால் அந்தச் சிவப்பு எழும்பாது.

ரப்பர் உப்பியிருக்கிறது என்று ராஜசேகர் சொன்னபோதே, என் கரைப்பான்தான் அதை உப்பவைத்தது என்று எனக்கு உறைத்தது. இல்லை, அதற்கு முன்னாலேயே, இரண்டாவது பம்ப் கெட்டபோதே ஒரு சந்தேகம் வந்தது. வந்ததை உள்ளே தள்ளி மூடிவிட்டேன்.

முத்துமாரி எங்களை வாசல் வரை வந்து அனுப்பினாள்.

மூன்றாம் நாள் காஞ்சிபுரம். இந்தப் பக்கத்துப் பட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று மோரி சான் முன்பே சொல்லியிருந்தார். தேவராஜ் காரைச் சரிசெய்து கொண்டுவந்து, முந்தின நாளுக்காக மன்னிப்பும் கேட்டார். கடைக்காரர் வெள்ளைப் பட்டை விரித்துப் போட்டார். மோரி சான் கண்ணை மூடிக்கொண்டு விரல்களுக்கு நடுவில் உருட்டினார். எங்கள் பட்டைவிடக் கனம், சாயம் நிறைய குடிக்கும் என்றார். கடைக்காரர் எங்கள் துணியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"இது கையில போட்டதா, மிஷின்லயா?"

"இயந்திரத்தில்" என்றார் மோரி சான். "ஆனால் ஐயா, ரசாயனச் சாயம் வந்த காலத்தில் அதைப் பசையில் கலந்து, காகிதத்தில் வெட்டிய அச்சு வழியாகத் தேய்த்தார்கள். அதையும் அப்போது போலி என்றவர்கள் இருந்தார்கள். இன்று அந்த அச்சைப் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள். கோடு யார் போட்டது என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எப்படிச் செய்தோம் என்பதை வாங்குகிறவரிடம் மறைக்கக் கூடாது. அதில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன்."

இதை நான் முழுசாகத்தான் மொழிபெயர்த்தேன்.

திரும்பும் வழியில் வாலாஜாபாத்தில் சாப்பிட நிறுத்தினோம். தேவராஜ் எங்களோடு உட்காரத் தயங்கினார். மோரி சான் நாற்காலியை இழுத்துப் போட்டபின் உட்கார்ந்தார். கம்பெனி விஷயம் எப்படிப் போகிறது என்று கேட்டார். ஒரு பெண்ணை வேலையிலிருந்து எடுக்கிறார்கள் என்றேன்.

"என் மச்சினிச்சிக்கும் இதே கததான் மேடம்" என்றார். "ஏதோ பார்ட்ட மாத்தி வச்சிட்டானு அனுப்பிட்டாங்கோ. அவ வைக்கல, வேற ஆளு. அது அப்பாலதான் தெரிஞ்சுது. ஆனா இந்த ரோடு பூரா ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்கதான. பேரு கெட்டுச்சுனா அடுத்த கேட்ல உள்ளயே வுட மாட்டான். ரெண்டு வருசம் வூட்லயே குந்திகினு இருந்துச்சு."

கை கழுவ எழுந்து போனார். தோசை ஆறிக்கொண்டிருந்தது. மோரி சான் என்னைப் பார்க்காமல் தன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நேற்று அந்த அறையில் முத்துமாரி பேசியது நீளமாக இருந்தது. நீங்கள் எனக்குச் சொன்னது ஒரே ஒரு வரி."

சொல்லிவிட்டேன். கென்ஜி கேட்டது, நான் கலந்தது, கரைப்பான், முத்துமாரி கேட்ட கேள்வி, நான் சொன்ன பொய். இடையில் சர்வர் வந்து சட்னி வைத்துவிட்டுப் போனார்.

"கரைப்பான் எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன்.

"கென்ஜி கட்டாயப்படுத்தினானா?"

"இல்லை. சந்தோஷமாகத்தான் செய்தேன்."

மோரி சான் டம்ளரைத் தள்ளி வைத்தார். "துணி போனதில் எனக்கு வருத்தம். வேறு துணி தீட்டலாம். என்னிடம் மறைத்ததில் கோபம். அதுவும் ஆறிவிடும். ஆனால் நான் பேசாததை நான் பேசியதாக அந்தப் பெண்ணிடம் சொன்னீர்கள். நான் அவர் வீட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தேன், ஸுதேரா சான்."

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன். அங்கே அழுவதற்கு உரிமை உள்ளவள் நான் இல்லை என்று தோன்றியது.

"நாளைக்கு நீங்களே சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள். எனக்கு மொழிபெயர்க்க வேண்டாம். நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்றார். பிறகு தோசையை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். நானும் சாப்பிட்டேன்.

காரில் வரும்போது கைபேசியில் கென்ஜியிடம் பேசினார். கென்ஜி, "அந்தச் சாம்பல் வந்த துணியின் முன்னால்தான் அக்கா, வாடிக்கையாளர்கள் முதல் முறையாக நின்று பார்த்தார்கள். ஆசைப்பட்டுவிட்டேன். நானும் கிளம்பி வரட்டுமா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. வர வேண்டாம், இயந்திரத்திலிருந்து அந்தச் சாயத்தை இறக்கி வை என்றார் மோரி சான். குரலில் கடுமை இல்லை.

நாலாம் நாள் அதே அறை, அதே டீ. ராஜசேகர் புதிதாக இன்னும் நாலு படங்கள் தயாரித்திருந்தார். அவற்றைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் எழுந்து நின்று சொன்னேன். தப்பு ரப்பரில் இல்லை, முத்துமாரியிடமும் இல்லை, எங்கள் பட்டறையில்தான், என் கையில்தான் என்றேன். மோரி சான் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். நான் முடித்ததும் மேசைக்கு மேல் நன்றாகக் குனிந்து வணங்கி, நிமிர வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

ராஜசேகர் பாவம், நிம்மதிப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். "மேடம், ரிப்போர்ட் மேல போயிடுச்சு. இப்ப நான் எப்படி மாத்துறது?" என்றார். "நாங்கள் எழுதித் தருகிறோம்" என்றார் மோரி சான். ஜப்பானிய மொழியில் அவர் எழுத, நான் கீழே ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

முத்துமாரியைக் கூப்பிட்டார்கள். பேக்கிங்கிலிருந்து வந்தாள், கையில் இன்னும் டேப் ஒட்டியிருந்தது.

"அன்னைக்கு நீ கேட்டத இவங்ககிட்ட நான் சொல்லல" என்றேன். "அவங்க தெரியலன்னு சொல்லவும் இல்ல. நாந்தான் பொய் சொன்னேன். கலர்ல சேத்த கரைப்பான்தான் ரப்பர உப்ப வச்சிருச்சு. அந்தக் கலரக் கலந்ததும் நாந்தான்."

அவள் கையில் ஒட்டியிருந்த டேப்பை உரித்தாள். "அப்பவே தெரிஞ்சுச்சுக்கா. நீங்க சாயாவக் குடிக்காம வச்சுட்டுப் போனீங்க."

"அப்ப ஏன் கேக்கல?"

"வீட்டுக்கு வந்தவங்ககிட்ட என்னத்தக் கேக்க." அவ்வளவுதான் சொன்னாள். மன்னித்தேன் என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ராஜசேகரிடம் திரும்பி, "லைனுக்கு எப்ப சார் போகட்டும்?" என்றாள். அவர் யாருக்கோ இரண்டு முறை போன் செய்தார். கடிதத்தைப் படித்துக் காட்டினார். பிறகு, "இப்பவே போம்மா" என்றார்.

அவள் போகவில்லை. "சார், அந்தக் கரைப்பான் நம்ம லேப்ல இருக்குல்ல? மத்த ரப்பரையும் அதுல ஊறப்போட்டுப் பாத்தா என்ன? பழுப்பு ரப்பர் ஒண்ணு வேற மாடலுக்கு வாங்கி வச்சிருக்கோம்ல. அதுக்கு ஒண்ணும் ஆகலன்னா இவங்க அந்தக் கலரயே ஊத்திக்கலாமே. நல்லாத்தான் சார் இருக்கு அந்தக் கலரு."

மோரி சானுக்குச் சொன்னேன். ராஜசேகர் யோசித்தார். சோதனைக்கு அளவு சரியாகத் தெரிய வேண்டும், எழுதிக் கொடுங்கள் என்றார். பத்து வருடமாக நான் கண்ணால் பார்த்துத்தான் கலக்கிறேன். கிண்ணத்தின் ஓரத்தில் நிறம் எப்படி ஏறுகிறது என்று பார்த்து நிறுத்துவேன். அதைச் சொல்லிக் கொடுத்தவர்களும் எழுதி வைத்தவர்கள் இல்லை. அந்த லேபில் தராசின் முன்னால் உட்கார்ந்து, மனதுக்குள் கையை ஓட்டி ஓட்டி, ஒவ்வொன்றும் எத்தனை கிராம் இருக்கும் என்று எழுதினேன். இரண்டு முறை அடித்து எழுத வேண்டியிருந்தது. என் நிறம் ஒரு சீட்டில் அடங்கிவிட்டதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. மோரி சான் அந்தச் சீட்டைக் கைபேசியில் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினார்.

ஐந்தாம் நாள் காலை கண்ணாடிக் குடுவைகளிலிருந்து வளையங்களை இடுக்கியால் எடுத்தார்கள். எங்கள் பம்ப்பில் போடும் கறுப்பு வளையம் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. பழுப்பு வளையம் போட்டபடியே இருந்தது. ஒரு ராத்திரி போதாது, மாதக்கணக்கில் பார்க்க வேண்டும் என்று ராஜசேகர் எச்சரித்தார். ஆனால் அவரே ஆளை விட்டுப் பழுப்பு வளையம் போட்டு நாலு பம்ப் செய்யச் சொன்னார். மாற்றச் சொன்னது நாங்கள், பொறுப்பும் எங்களுடையது என்று மோரி சான் அதற்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மதியம் கேன்டீனில் எங்களுக்குத் தனி மேசை போட்டிருந்தார்கள். மோரி சான் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பெண்களோடு உட்கார்ந்துவிட்டார். ரசத்தை எப்படிக் குடிப்பது என்று அவர்கள் செய்து காட்டினார்கள். உள்ளங்கையைக் குழித்து உறிஞ்சியதில் பாதி அவர் சட்டையில் போயிற்று.

ஆறாம் நாள் மாலை விமானம். காலையில் பம்ப்புகளை வாங்கிக்கொண்டு அப்படியே கிளம்புவதாக ஏற்பாடு. தேவராஜ் காரை வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தார். லைனின் கடைசி நாற்காலியில் முத்துமாரி நீலத் தொப்பியுடன் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றோம். நாலு பம்ப்புகளும் தட்டில் இருந்தன.

முதலாவதில் குழாயைச் சொருகிக் காற்று அடித்தாள். முள் ஏறி நின்றது. காதருகே வைத்துக் கேட்டாள். ஸ்டாம்ப். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஸ்டாம்ப் போட்டாள். நாலாவதைக் காதருகே வைத்தவள் எடுக்கவில்லை. மறுபடி காற்று அடித்தாள். மறுபடி கேட்டாள். பிறகு அதை இடதுபக்கம் இருந்த சிவப்புக் கூடையில் போட்டாள்.

ராஜசேகர் குனிந்து, "கஸ்டமர் நிக்கிறாங்கம்மா. சாயங்காலம் ஃப்ளைட். மீட்டர்ல ஓகேதான காட்டுது" என்றார்.

"காத்து லேசா இழுக்குது சார். இது போகாது."

மோரி சான் என்னைப் பார்த்தார்.

"போகாதாம்" என்றேன்.

அவர் கூடையில் கிடந்த பம்ப்பை எட்டிப் பார்த்தார். தலையசைத்துவிட்டு மூன்றை மட்டும் வாங்கித் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். நாங்கள் கிளம்புகிறோம் என்று முத்துமாரியின் தோளைத் தொட்டுச் சொன்னேன். "பாத்துப் போயிட்டு வாங்கக்கா" என்றாள். எழுந்திருக்கவில்லை. அவள் முன்னால் அடுத்த தட்டு வந்துவிட்டிருந்தது.